கல் இல்லாதவர்களின் பதிவேடு

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களுக்கு மூதாதையரைத் தேடி வருகிறவர்கள் நேரே கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போகிறார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற பிள்ளைகள், ஓய்வு பெற்றபின் ஊர் நினைப்பு வந்து கடல் தாண்டி வருகிற பெரியவர்கள், எல்லோரும் கல் கல்லாகக் குனிந்து படித்துக்கொண்டே போவார்கள். தாத்தா கிடைப்பார். அவருடைய அப்பா சில வீட்டாருக்குக் கிடைப்பார். அதற்கு முந்தைய தலைமுறைக்கு வெறும் செம்மண்தான்.

திருச்செந்தூருக்கும் நாங்குநேரிக்கும் இடையில் இருக்கிற தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். காற்றடித்தால் இடம் மாறுகிற மணல், பனை, உடைமரம். கல் வேண்டுமென்றால் வண்டி கட்டிக் கொண்டுவர வேண்டும், எழுத்து வெட்ட ஆள் தேட வேண்டும். குருவானவருக்குக் கல் வைத்தார்கள். பெரிய வாத்தியாருக்கு வைத்தார்கள். கொழும்பில் கடை போட்டுக் காசு பார்த்த குடும்பங்கள் வைத்தன. பனையேறிப் பிழைத்தவருக்கு மண்ணைக் குவித்து ஒரு மரச் சிலுவை நட்டார்கள். நாலைந்து மழைக்கு அது தாங்கும், பிறகு கறையான் தின்றுவிடும். சில வருஷம் கழித்து அதே இடத்தில் இன்னொருவருக்குக் குழி வெட்டுவார்கள். கல்லறைத் தோட்டத்தின் அளவு கூடவில்லை, ஊர் கூடிக்கொண்டே வந்தது.

நான் தாலுகா அலுவலக ஆவண அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அடங்கல், செட்டில்மெண்டுப் பதிவேடு, பழைய பத்திர நகல் என்று மக்கிய தாள்களோடு காலம் போனது. பழைய கையெழுத்தைப் படிக்கிற பழக்கம் அங்கே வந்தது. அந்தப் பழக்கத்தோடுதான் எங்கள் சேகரத்தின், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள ஊர்ச் சபைகளின், அடக்கப் பதிவேட்டை முதலில் கையில் எடுத்தேன். கல்லறைத் தோட்டம் எனக்குச் சொல்லாததை எல்லாம் அது சொன்னது. கல் வைக்கப் பணம் வேண்டும். பதிவேட்டில் ஒரு வரிக்குப் பணம் வேண்டாம். பனையேறிக்கும் ஒரு வரி, பண்ணையாருக்கும் ஒரு வரி. சொந்த மூதாதையரைத் தேடுகிற எவரும் கல்லை விட்டுவிட்டுப் பதிவேட்டுக்கு வர வேண்டும் என்பதுதான் நான் இதில் சொல்ல வந்தது.

செத்தவர் பெயரைக் கோயில் புத்தகத்தில் எழுதுகிற வழக்கம் நம் மண்ணில் பிறந்ததில்லை. இங்கிலாந்தில் 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஒவ்வொரு ஊர்க் கோயிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். கத்தோலிக்கத் திருச்சபை 1563இல் டிரென்ட் பொதுச்சங்கத்தில் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் எழுதச் சொல்லி, 1614இல் இறந்தவர் புத்தகத்தையும் கட்டாயமாக்கியது. அந்த வழக்கம் கப்பலேறி வந்தது. சென்னைக் கோட்டையிலுள்ள புனித மரியாள் கோயில் 1680 அக்டோபர் 28இல் பிரதிஷ்டையானது. அந்த ஆண்டிலிருந்தே அதன் பதிவேடுகள் தொடங்குகின்றன. பிரதிஷ்டை நடந்து ஒரு வாரத்தில், நவம்பர் 4இல், அங்கே நடந்த முதல் திருமணம் எலிஹு யேலுடையது. பிற்காலத்தில் கோட்டைக்கு ஆளுநரானவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர்.

கல்லை நம்பக்கூடாது என்பதற்கு அந்தக் கோயிலைவிட நல்ல சாட்சி இல்லை. கோயிலைச் சுற்றித் தரையெல்லாம் கல்லறைக் கற்கள் பாவியிருக்கின்றன. அவற்றில் 1652இல் இறந்த எலிசபெத் பேக்கரின் கல்லும் ஒன்று. இந்தியாவிலுள்ள ஆங்கிலேயர் கல்லறைக் கற்களில் மிகப் பழையவற்றுள் அதைச் சேர்ப்பார்கள். கோயில் கட்டுவதற்கு 28 ஆண்டு முந்தைய கல் கோயில் வாசலில் எப்படிக் கிடக்கும்? அந்தக் கற்களுக்குக் கீழே யாரும் இல்லை. பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. 1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது அந்தக் கல்லறை மண்டபங்கள் எதிரிக்கு மறைவிடமாயின. 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகிய பிறகு ஆங்கிலேயர் அவற்றை இடித்துத் தள்ளிவிட்டுக் கற்களை மட்டும் பெயர்த்துக் கோயிலடிக்குக் கொண்டுபோனார்கள். தப்பி நின்றவை மிகச் சில. யேலின் மனைவிக்கு முதல் கணவரான ஜோசப் ஹின்மர்ஸும், யேலின் கைக்குழந்தை டேவிட்டும் அடங்கிய கூர்ங்கோபுரம் அவற்றில் ஒன்று. அது பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. உடல் ஓரிடம், கல் ஓரிடம் என்றாகிவிட்ட மற்றவர்களுக்கு எஞ்சிய சாட்சி எழுத்து மட்டுமே.

ஆங்கிலேயர் எழுத்தை இரண்டு இடத்தில் வைத்தார்கள். இங்கே மூலம் இருக்க, 1698 முதலான சென்னை மாகாணப் பதிவுகளின் நகல் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் சென்னைக்கென்று தனி வரிசையாக இருக்கின்றன. இங்கே கறையான் அரித்த பக்கத்தை அங்கே படிக்கலாம். கற்களுக்கும் ஒரு தொண்டு நடந்தது. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளைத் திரட்டி 1905இல் புத்தகமாக்கினார். இன்று பெயர்ந்து காணாமல் போன கல்லுக்கும் அதில் வாசகம் கிடைக்கும். அந்த மனிதருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் வரலாற்று மதிப்புள்ள கற்கள் என்று அவர் தேர்ந்தவை பெரும்பாலும் துரைமார், துரைசானிமார், படைத்தலைவர்கள், போதகர்கள். அவர்களுக்குச் சோறு பொங்கிப் பல்லக்குத் தூக்கிய தமிழர்களை அதில் தேடிப் பயனில்லை.

தமிழர்களுக்கு வேறு புத்தகங்கள் உண்டு. தரங்கம்பாடியில் 1706 ஜூலையில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்க் மறு ஆண்டு மே மாதம் முதல் தமிழர் ஐவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1719இல் இறந்து தான் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடங்கினார். லுத்தரன் சபையார் வழியாக வந்த கணக்கெழுதும் ஒழுங்கு தஞ்சாவூர், திருச்சி தாண்டித் தெற்கே வந்தது. திருநெல்வேலிச் சீமைக்கு 1780 முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டில் பாளையங்கோட்டைச் சபையாருக்கு ஒரு பெயர்ப் பட்டியல் எழுதினார்கள். பல சாதிகளைச் சேர்ந்த 40 பேர் அதில் இருக்கிறார்கள். முதலில் வருவது ஒரு பெண்ணின் பெயர்: குளோரிந்தா. தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை; 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்; பாளையங்கோட்டையில் இன்றும் நிற்கிற ஆலயத்தைக் கட்டுவித்தவர். அந்தப் பட்டியலை நூறாண்டுக்குப் பிறகு பேராயர் கால்டுவெல் தன் 1881ஆம் ஆண்டு நூலில் அச்சேற்றினார். ஒரு சேகரத்தின் தொடக்கத்துக்கு இப்படி ஒரு பெண்ணின் பெயர் தலைப்பாக நிற்பது எனக்கு எப்போதும் பெருமை தருகிற செய்தி. பின்னால் வந்த பதிவேடுகள் பெண்களை எப்படி எழுதின என்று பார்க்கும்போது அந்தப் பெருமை கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது.

1799இல் முதலூர் உண்டானது. 1820இல் மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தார். அதன்பின் நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம், இடையன்குடி, டோனாவூர் என்று ஊருக்கு ஊர் கோயிலும் பள்ளிக்கூடமும் எழும்பின. ஒவ்வொரு சேகரத்துக்கும் மூன்று தடிப் புத்தகம். கால்டுவெல் 1891 ஆகஸ்டில் கொடைக்கானலில் இறந்தபோது உடலை மலையிலிருந்து இறக்கி இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் கட்டிய கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்குக் கோயில் கட்டச் சுண்ணாம்பு சுமந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, கதையும் இல்லை. அப்படிப்பட்டவர்களைத்தான் அடக்கப் பதிவேடு வைத்திருக்கிறது.

அது எப்படி எழுதப்பட்டது என்று தெரிந்துகொண்டால்தான் சரியாகப் படிக்க முடியும். சாவு விழுந்ததும் கோயில் மணியை விட்டுவிட்டு அடிப்பார்கள். அன்றைக்கே அடக்கம். சேகர குரு பத்துப் பதினைந்து ஊருக்கு ஒருவர் என்று இருந்த காலம். மாட்டு வண்டியிலோ குதிரையிலோ அவர் வந்து சேருகிறவரை பிரேதம் தாங்காது. ஆகவே உள்ளூர் உபதேசியார் ஜெபம் பண்ணி அடக்கிவிட்டுத் தன் கைக்குறிப்பில் எழுதிக்கொள்வார். பெயர், தகப்பன் அல்லது புருஷன் பெயர், வயது, தொழில், நோய். குருவானவர் வரும்போதோ மாதக் கூட்டத்திலோ அந்தக் குறிப்பைப் பெரிய பதிவேட்டில் ஏற்றுவார்கள். அதனால் ஒரே மையில், ஒரே கையில், பத்து வரி தொடர்ந்து ஓடினால் அவை அன்றன்று எழுதியவை அல்ல என்று கண்டுகொள்ளலாம். அந்த வரிகளில் தேதி ஒன்றிரண்டு நாள் முன்பின் இருக்கும். ஒவ்வொரு அடக்கத்துக்கும் தனி மை, தனிக் கையெழுத்து இருந்தால் அந்தத் தேதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தேதியை விட்டால் அடுத்த தொல்லை எழுத்து. இன்றைய பிள்ளைகள் படித்த தமிழ் 1978இல் அரசு ஏற்றுக்கொண்ட சீர்திருத்தத்துக்குப் பிறகு வந்தது. பழைய கையில் ‘லை’, ‘னை’ எல்லாம் கொம்பு வளைந்து வேறு உருவத்தில் நிற்கும். புள்ளி வைக்க மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் காட்ட மாட்டார்கள். வயதைத் தமிழ் எண்ணில் எழுதியிருப்பார்கள்: ௩௰௫ என்றால் முப்பத்தைந்து. நடுவிலுள்ள பத்தின் குறியைத் தெரியாதவர் அதை எழுத்தென்று நினைத்துப் பெயரோடு சேர்த்துப் படிப்பதை நான் பார்த்திருக்கிறேன். உபதேசியாரின் கைக்குறிப்பு கிடைத்தால் அதில் கொல்லம் ஆண்டு இருக்கும். எங்கள் சீமையில் பத்திரமெல்லாம் கொல்லம் ஆண்டில்தான் எழுதினார்கள். அது ஆவணி முதல் தேதி பிறக்கும். ஆவணியிலிருந்து மார்கழி நடு வரை 824ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆங்கில வருஷம் பிறந்தபின் ஆடி வரை 825ஐக் கூட்ட வேண்டும். கொல்லம் 1052 மாசி என்றால் 1877 பிப்ரவரி, மார்ச். இந்தக் கணக்குத் தவறினால் ஒரு வருஷம் தவறும்; தேடுகிற பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவோம்.

வயதை யாரும் அப்படியே நம்ப வேண்டாம். 40, 50, 60 என்று முழு எண்ணாகவே செத்துப்போன ஊர் உலகத்தில் இருக்க முடியாது. பிறந்த தேதி தெரியாத காலத்தில் முகத்தைப் பார்த்துச் சொன்ன வயது அது. குழந்தைகளின் வயதை மட்டும் மாதக் கணக்காக, நாள் கணக்காகத் துல்லியமாக எழுதியிருப்பார்கள். பெற்றவள் பக்கத்திலிருந்து சொல்லியிருப்பாள்.

பெயர்த் தொல்லை அதைவிடப் பெரிது. ஞானமுத்து, தேவசகாயம், வேதமாணிக்கம், மாசிலாமணி. ஊருக்கு ஏழெட்டு ஞானமுத்து இருப்பார்கள். தாத்தா பெயர் பேரனுக்கு வருவது வழக்கம் என்பதால் ஒரே வீட்டில் ஒன்றுவிட்ட தலைமுறைக்கெல்லாம் ஒரே பெயர். ஊரார் பட்டப்பெயர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள்; உபதேசியார் பட்டப்பெயரை எழுதக் கூசி விட்டுவிட்டார். அங்கே உதவுவது தொழில் கட்டமும் தகப்பன் பெயரும்தான். இரண்டும் பொருந்தாத வரியை எவ்வளவு ஆசையாக இருந்தாலும் நம்முடைய வரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குடும்ப வரலாறு எழுதுகிற பலர் இந்த இடத்தில் அவசரப்பட்டுப் பக்கத்து வீட்டுத் தாத்தாவைத் தன் தாத்தாவாக்கிவிடுகிறார்கள்.

நான் தேடியது ஒரு பெண்ணை. என் அம்மா தன் பாட்டியைப் பற்றி அடிக்கடி சொல்வாள்: “எங்க பாட்டி தாது வருசப் பஞ்சத்துல பிழைச்ச பிள்ளை.” தாது வருஷம் 1876 சித்திரையில் பிறந்து 1877 பங்குனியில் முடிந்தது. தென்னாட்டை வாட்டிய அந்தப் பஞ்சத்துக்குத் தமிழ்நாடு முழுவதும் அந்த வருஷத்தின் பெயரே நிலைத்துவிட்டது. சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் செத்தார்கள். அந்தப் பாட்டி தன் “அம்மை” கருப்பட்டி காய்ச்சியதையும், கூழுக்குப் புளியங்கொட்டை வறுத்து இடித்ததையும், ஓலைப் பெட்டி முடைந்ததையும் சொல்லுவாளாம். அந்த அம்மையின் பெயர் என்ன, எந்த ஊர்ப் பெண், எப்போது செத்தாள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் கேட்டால் “அந்தப் பக்கம் எங்கயோ” என்று கையைக் காட்டினார்கள்.

1877ஆம் ஆண்டுப் பக்கங்களைத் திறந்தேன். முந்தைய ஆண்டுகளில் மாதத்துக்கு ஓரிரு சாவு எழுதியிருந்த புத்தகம் அங்கே நிரம்பி வழிகிறது. பக்கத்தில் இடம் போதாமல் ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள். நோய்க் கட்டத்தில் வாந்திபேதி, வாந்திபேதி, வாந்திபேதி. கொஞ்ச தூரம் போனதும் அதையும் எழுத முடியாமல் மேற்படி, மேற்படி. பசியால் செத்தார் என்று ஒரு வரிகூட இல்லை. பஞ்சத்தில் உடம்பு ஒட்டிப்போனவர்களைப் பேதி கொண்டுபோனது. புத்தகத்தில் பேதி மட்டும் ஏறியது. ஒரே வீட்டில் நாலு பேர் ஒரே வாரத்தில். அதற்கு நடுவில் குறிப்பெழுதி வந்த உபதேசியாரின் கை மாறி வேறு கை தொடங்குகிறது. நாலைந்து வரிக்கு மேலே பார்த்தால் அவருடைய பெயரே அடக்கப் பட்டியலில் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஏச்சு ஒன்று பேதியைச் சொல்லித்தான் வரும். அந்தப் பக்கங்களைப் படித்தபின் எங்கள் வீட்டில் அதை யாரும் வாயில் எடுக்க நான் விட்டதில்லை.

அந்தப் பட்டியலில் என் அம்மாவுடைய பாட்டியின் தகப்பனார் பெயரைக் கண்டேன். செத்தது அவரில்லை. “இன்னார் பாரியாள், ௨௰௨, வாந்திபேதி.” இருபத்திரண்டு வயதுப் பெண். அவளுக்கென்று பெயர் எழுதவில்லை. அடுத்த வரி, நாலு நாள் கழித்து: இன்னாருடைய ஆண் சிசு, மூன்று மாதம். பிறகு 1879 திருமணப் பதிவேட்டில் அதே மனிதர். தாரமிழந்தவர் என்று அவர் நிலையைக் குறித்து, பக்கத்து ஊர்ப் பெண்ணோடு விவாகம்.

அம்மாவின் பாட்டி “எங்க அம்மை” என்று கண் கலங்கிச் சொன்னவள், பெட்டி முடையவும் கருப்பட்டி காய்ச்சவும் கற்றுக்கொடுத்தவள், இந்த இரண்டாவது பெண். பெற்றவள் மூன்று வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். வளர்த்தவள் அதைப் பிள்ளைக்குத் தெரியாமலே வளர்த்தாளா, தெரிந்தும் அந்தப் பிள்ளை சொல்ல வேண்டாமென்று இருந்துவிட்டாளா, எந்தப் பதிவேடும் சொல்லாது. வளர்த்தவளுக்குப் பெயர் உண்டு. திருமணப் பதிவேட்டில் பெண்ணின் பெயரை எழுதாமல் முடியாது. பெற்றவளின் பெயருக்கு நான் ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் போனேன். 1874இல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த வரியில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் தாய் பெயர் இருந்தது. அடக்கப் பதிவேடு ஒரு பெண்ணைப் பெயரில்லாமல் புதைத்திருந்தால் அவள் பெற்ற பிள்ளையின் ஞானஸ்நான வரியில் அவளைத் தேட வேண்டும். பெண் வழியில் முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள வழி இதுதான். மூன்று புத்தகத்தையும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு குடும்பம் உருவாகி வரும்.

பதிவேட்டிலும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். ஞானஸ்நானம் பெறுமுன் செத்த குழந்தைகள் பல இடங்களில் ஏறவில்லை. தற்கொலை செய்தவர்களைத் தோட்டத்துக்கு வெளியே புதைத்ததால் அவர்களுக்கு வரி இல்லை. சபைக் கட்டுப்பாட்டில் வைத்து விலக்கப்பட்டவர்களுக்கும் அப்படியே. சிலோன் காப்பித் தோட்டத்துக்குப் போனவர்கள் வழியிலேயே செத்திருந்தால் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. அங்கே 1854 முதல் தமிழ்க் கூலிகள் நடுவில் வேலை செய்த மிஷன் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்து உபதேசியார்கள் அதில் ஊழியத்துக்குப் போயிருக்கிறார்கள். திரும்பி வராதவர்களை அங்குள்ள கோயில் புத்தகங்களில்தான் தேட வேண்டும்.

சாதியைச் சொல்லாமல் இதை முடிப்பது நேர்மை ஆகாது. சபைக்குள் சாதியை விட்டுவிட வேண்டும் என்று 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதற்குப் பெரிய எதிர்ப்பு எழுந்தது. கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரே எதிர்த்தவர்களோடு நின்றார். செத்த பிறகும் ஒன்றாகக் கிடக்கக் கூடாது என்று தனித்தனியாகப் புதைத்த ஊர்கள் உண்டு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து நிற்கிற சுவரை இடிக்கச் சொல்லிப் பல ஆண்டுகளாகப் போராட்டம் நடந்திருக்கிறது. பழைய பதிவேடுகளில் சாதிக் கட்டம் இருக்கும். தேடுகிறவர்கள் அங்கே தம் முன்னோரின் சாதியாக எழுதியிருப்பதைப் பார்த்து அதிர்வதும், மறைப்பதும், பக்கத்தைக் கிழிக்க நினைப்பதும் உண்டு. கிழிக்கக் கூடாது. அந்தக் கட்டமும் சேர்ந்ததுதான் நம் வரலாறு.

அடக்கம் செய்கிற மற்ற சமூகத்தாருக்கும் தேட வழி உண்டு. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்துப் பழைய மையவாடிகளில் மீசான் கற்களில் இறந்தவரின் பெயரோடு தகப்பன் பெயரையும் அரபு எழுத்தில் வெட்டியிருப்பார்கள். எரிக்கிற குடும்பங்களுக்குத் திதி கொடுக்கும்போது சொல்லுகிற மூன்று தலைமுறைப் பெயர்கள் ஒரு தொடக்கம். எல்லோருக்கும் பொதுவானது கிராம முன்சீப்பின் பிறப்பு இறப்புப் பதிவேடு. 1899இல் சென்னை மாகாணத்துக்கு இதற்கென்றே சட்டம் வந்தது. இன்று நாடு முழுவதும் நடப்பிலிருப்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். 1980 நவம்பரில் கிராம முன்சீப், கர்ணம் பதவிகளை அரசு ஒழித்தபோது பல வீடுகளின் பரணிலிருந்த பழைய புத்தகங்கள் உரிய இடத்துக்கு வந்து சேரவில்லை. ஆவண அறையில் இருந்தவன் என்ற முறையில் இது எனக்குத் தீராத வருத்தம்.

கோயில் பதிவேடுகளின் இன்றைய நிலை அதைவிட மேல் என்று சொல்ல முடியாது. நல்ல சேகரங்களில் இரும்பு பீரோவில் துணி சுற்றி வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் உக்கிராண அறையில் பழைய பாய்க்கும் ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் கீழே கிடக்கின்றன. கிழிந்த பக்கத்தில் பிளாஸ்டிக் ஒட்டுநாடா ஒட்டுகிறார்கள். அந்தப் பசை சில வருஷத்தில் மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். லாமினேஷன் போடுவது அதைவிடக் கேடு, பிறகு எந்த வைத்தியமும் செய்ய முடியாது. சொத்து வழக்குக்கு வாரிசுச் சான்று தேடி வருகிறார்களோ என்ற பயத்தில் புத்தகத்தைக் காட்ட மறுக்கிற குருமார்களும் உண்டு. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. நூறு ஆண்டு தாண்டிய புத்தகங்களுக்காவது அந்தப் பயம் வேண்டாம்.

பதிவேட்டைக் காப்பதற்கு நல்ல முன்மாதிரியும் உண்டு. சிங்கப்பூரில் புக்கிட் பிரவுன் என்றொரு பெரிய சீனர் கல்லறைத் தோட்டம். 1922இல் திறந்து 1973இல் மூடினார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் கல்லறைகள். நடுவில் நெடுஞ்சாலை போட வேண்டும் என்று ஏறத்தாழ 4,000 கல்லறைகளைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். ஆனால் அதன் அடக்கப் பதிவேடுகளைத் தேசிய ஆவணக் காப்பகம் படமெடுத்து யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கும்படி வைத்திருக்கிறது. நிலம் போனாலும் பெயர் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பெரிய பணம் வேண்டாம். ஒரு நல்ல கைப்பேசி, ஜன்னல் வெளிச்சம், பக்கத்தை மெதுவாகத் திருப்புகிற இரண்டு பேர் போதும்.

சேகர குருமார்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் என் வேண்டுகோள் இது: அடுத்த மழைக்கு முன் உங்கள் அடக்கப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு பிரதி வையுங்கள், ஒன்று சேகரத்தில், ஒன்று திருமண்டல அலுவலகத்தில். ஊருக்குத் தேடி வருகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: கல்லறைத் தோட்டத்துக்குப் போவதற்கு முன் வீட்டிலிருக்கிற மூத்த ஆச்சியிடம் அவளுடைய அம்மாவின் பெயரையும் அம்மாவைப் பெற்றவளின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் தேடத் தொடங்க அந்த இரண்டு பெயர் போதும்.